முதலில் கட்டுப்பல், பிறகுதான் கிரவுன்

போன ஞாயிறு பின்னேரம் சேர் வந்திருந்தார். கோவிலடியில் வாங்கிய கச்சான் கடலைச் சரையை என் வேலை மேசையிலேயே பிரித்து, ஒவ்வொன்றாய்க் கோது உடைத்து, வலப்பக்கத்தாலும் இடப்பக்கத்தாலும் மென்று காட்டினார். "பார் தம்பி, சத்தம் கேக்குதா?" கேட்டது. கோதெல்லாவற்றையும் பிளாஸ்டர் வாளிக்குள் போட்டுவிட்டுப் போனார். அதை அள்ளிக்கொண்டிருந்தபோதுதான், அவருக்குச் செய்த பல் வேலையை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரே வாய்க்கு இரண்டு தரம் செய்த வேலை. முதல் தரம் செய்தது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எழுதச் சம்மதித்தவர், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

நான் பல் டொக்டர் இல்லை. டொக்டர்மார் அளவெடுத்து அனுப்ப, பல்லை மூடுகிற கிரவுனும், இல்லாத பல்லுக்குப் பக்கத்துப் பற்களில் ஒட்டுகிற பிரிட்ஜும், கழற்றிப் பூட்டுகிற கட்டுப்பல்லும் செய்து கொடுக்கிற ஆள். திருகோணமலையில் மடத்தடிப் பக்கம் வீட்டின் பின் அறைதான் லாப். நிக்கல்-குரோம் உருக்கி வார்க்கவும் பல் நிறப் பீங்கானான போர்சலின் சுடவும் என்னிடம் வசதி உண்டு. கட்டுப்பல்லின் உலோகச் சட்டமான கோபால்ட்-குரோம் பிரேம் வார்க்க இல்லை. அது கொழும்புக்குப் போய் வரவேண்டும்.

சேர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அறுபத்தெட்டு வயது. இப்போதும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார், வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் பண்ணோடு பாடுகிறார். மேல்தாடையில் முன்பல் ஒன்று, 21, இல்லை. வலப்பக்கம் 15, 16, 17 இல்லை. இடப்பக்கம் 26, 27 இல்லை. ஞானப்பற்கள் எப்போதோ போய்விட்டன. இந்த இலக்கங்கள் பழக்கமில்லாதவர்களுக்கு: 14 என்றால் மேல் வலது பக்கம் நடுவிலிருந்து எண்ண நாலாவது பல், 25 என்றால் மேல் இடது பக்கம் ஐந்தாவது. கதை முழுக்க இந்த இரண்டு பற்களைப் பற்றியதுதான்.

பின்னுக்குத் தூண் இல்லாத வாய்க்கு முழுவதும் பிரிட்ஜ் கட்ட வழியில்லை. எலும்பில் பதிக்கிற இம்பிளான்ட் போடக் கையில் காசில்லை; அந்த இடத்தில் சைனஸுக்குக் கீழே எலும்பும் காணாது என்று டொக்டர் சொன்னார். ஆகவே முன்னுக்கு 11-21-22 நிலையான பிரிட்ஜ், பின்னுக்குக் கழற்றிப் பூட்டுகிற கட்டுப்பல், இரண்டுக்கும் நடுவில் கட்டுப்பல்லைத் தாங்க 14க்கும் 25க்கும் கிரவுன். இரண்டுமே பெரிய நிரப்பல் போட்ட பற்கள் என்பதால் எப்படியும் கிரவுன் வேண்டியிருந்தது.

தை மாதம் கிரவுனுக்கும் பிரிட்ஜுக்கும் சீட்டு வந்தது. பங்குனியில் கட்டுப்பல்லுக்கு வேறு சீட்டு. பிழை தொடங்கியது அந்த இரண்டு மாத இடைவெளியில். பின்னால் ஒரு கட்டுப்பல் வரப்போகிறது என்று தை மாதமே எனக்குத் தெரியும். சீட்டில் எழுதியிருக்கவில்லை என்று சொல்வது வெறும் சாட்டு. 14ஐயும் 25ஐயும் புத்தகத்தில் இருக்கிற பல் மாதிரி உருண்டு திரண்டு வடிவாகச் செய்து, எல்லாப் பக்கமும் போர்சலின் போட்டு, மினுக்கி அனுப்பினேன். டொக்டரும் ஒட்டிவிட்டார்.

பங்குனியில் வாயின் மொடலை சேர்வேயரில் வைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. சேர்வேயர் என்பது நிலத்தோடு நேர்குத்தாய் ஏறி இறங்குகிற ஒரு கம்பி. எந்தப் பல் எங்கே புடைக்கிறது, புடைப்புக்குக் கீழே எவ்வளவு உள்வாங்குகிறது என்று காட்டும். கட்டுப்பல்லின் கொழுக்கி அந்த உள்வாங்கலில்தான் பிடிக்க வேண்டும். என் 25இல் கன்னப்பக்கம் உள்வாங்கலே இல்லை. 14இல் அளவுக்கு மிஞ்சி இருந்தது. பின்பக்கச் சுவர்கள் இரண்டும் உருண்டை. அதிலும் ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றது மறுபக்கம். எந்தப் பாதையால் தகட்டை ஏற்றினாலும் ஒரு பக்கம் முக்கோண வெளி விழும்.

காசைப் பார்த்து, அக்ரிலிக் தகடும் வளைத்த கம்பிக் கொழுக்கியும் போட்டு ஒரு கட்டுப்பல் செய்தோம். அண்ணம் முழுக்க மூடிய தகடு, தடிப்பு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல். பல்லின் மேல் உட்கார ரெஸ்ட் இல்லாததால் மெல்லும்போது தகடு முரசுக்குள், அதாவது ஈறுக்குள், அமிழ்ந்தது. இரண்டாம் கிழமை முரசு சிவந்து வீங்கியது. சேர் வந்து இரண்டு முறைப்பாடு சொன்னார். ஒன்று, "பிட்டு சாப்பிட்டா பாதி தட்டுக்குள்ளதான் கிடக்குது." மற்றது இன்னும் கடுமையானது: "வாழை எண்டு சொன்னா வாளை எண்டு வருது தம்பி. அது மீன்."

ரெஸ்ட் வேண்டும், உலோகப் பிரேமுக்குப் போவோம் என்று முடிவானது. ஒட்டிய கிரவுனின் மேலேயே ரெஸ்டுக்குக் குழி வெட்டினார் டொக்டர். அந்த இடத்தில் போர்சலினும் உலோகமும் சேர்ந்து 1.4 மில்லிமீற்றர்தான். வெட்ட வெட்ட முதலில் உலோகம் தெரிந்தது, பிறகு வெள்ளையாய் சீமெந்து. ஒன்பதாம் நாள் 25இன் போர்சலின் ஓரம் நகத்தளவு பெயர்ந்து விழுந்தது. அதை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் தந்தார் சேர். ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஆனியில் திரும்பத் தொடங்கினோம். முன் பிரிட்ஜ் நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை. 14, 25 கிரவுன்களைப் பிளந்து கழற்றுவது என்றும், இந்த முறை கட்டுப்பல்லை முதலில் வரைந்துவிட்டுத்தான் கிரவுனுக்கு மெழுகு தொடுவது என்றும் பேசிக்கொண்டோம். இரண்டு சீட்டுக்குப் பதில் ஒரே சீட்டு.

முதல் வேலை படிப்பு மொடல். தண்ணீரில் கலக்கிற அல்ஜினேட் பசையில் அளவு; அந்த வெயிலில் பைப் தண்ணீரில் கலந்தால் தட்டை வாய்க்குள் கொண்டுபோக முன்னமே இறுகிவிடும். ஐஸ் தண்ணீர் பிளாஸ்கில் கொண்டுபோகச் சொன்னேன். அளவை ஈரத்துணியில் சுற்றிக் கையோடு வாங்கிவந்து, பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் (கடினமான பிளாஸ்டர்) ஊற்றினேன். மொடலைச் சரிக்காமல் நேராக வைத்து சேர்வே செய்து, மூன்று புள்ளி குறித்தேன். அந்தப் புள்ளிகள் இருந்தால் மொடலை எத்தனை தரம் எடுத்து வைத்தாலும் அதே கோணத்துக்குக் கொண்டுவரலாம். பிறகு பென்சிலால் பிரேம் முழுவதையும் மொடலிலேயே வரைந்தேன்: ரெஸ்ட் 14இலும் 25இலும் முன் ஓரத்தில், பின்பக்கச் சுவரில் தட்டையான தகடு, கன்னப்பக்கம் முரசிலிருந்து ஏறிவருகிற ஆங்கில I வடிவக் கொழுக்கி. பின்னுக்குப் பல் இல்லாத வாய்க்கு இந்த மூன்றும் சேர்ந்த அமைப்பு நல்லது. மெல்லும்போது தகடு அமிழ்ந்தால் கொழுக்கி பல்லை இழுக்காமல் விலகி நிற்கும். சிரிக்கும்போது கம்பியும் அவ்வளவு தெரியாது.

அண்ணத்தைக் கடக்கிற பட்டை எங்கே போகவேண்டும் என்பதில்தான் சிக்கல். பாடப்படி என்றால் வரைந்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வாளை மீன் மனதில் நின்றது. சேரிடமே கேட்டேன். கரும்பலகை இல்லாத குறைதான், பாடமே எடுத்தார். டகரமும் ணகரமும் நாநுனி அண்ணத்தில் பொருந்தினால்தான் பிறக்கும் என்று இலக்கணம் சொல்கிறதாம். "எந்த இடத்தில சேர்?" என்றேன். "அது இலக்கணத்தில இல்லை, உன்ர மில்லிமீற்றர்ல பார்."

பார்த்தோம். ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் வெறும் அக்ரிலிக் தகடொன்று செய்து, துடைத்துக் காயவைத்து, குழந்தைப் பவுடரை மெல்லத் தூவி டொக்டர் வாயில் ஏற்றினார். சேர் "பள்ளி" என்றார். கழற்றினோம். முன்பற்களுக்குப் பின்னால் உள்ள வரிவரியான மேடு முடிகிற இடத்தில் பவுடர் பிறை வடிவில் அழிந்திருந்தது. துடைத்து, தூவி, "கண்ணாடி". அதே பிறை, கொஞ்சம் அகலம் கூட. பிறகு "வாழை". நடுவில் பவுடர் அப்படியே கிடந்தது. இரண்டு ஓரங்களில், கடைவாய்ப் பக்கம் மட்டும் அழிந்திருந்தது. ழகரத்துக்கு நாநுனி மேலே வளைந்து போகும், ஆனால் தொடாது, பக்கங்கள்தான் தொடும். சேருக்கு அந்தத் தகட்டைத் திருப்பித் தர மனமே வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

பிறையின் பின்விளிம்பு முன்பல் முரசிலிருந்து 18 மில்லிமீற்றரில் முடிந்தது. பட்டையின் முன்விளிம்பை 22இல் வைத்தேன். அகலம் 14, தடிப்பு 0.6. ரெஸ்டுக்குப் போகிற இணைப்புகளை நாக்குத் தடவாதபடி 13க்கும் 14க்கும் இடைச் சந்துக்குள்ளும், மறுபக்கம் 24க்கும் 25க்கும் இடைச் சந்துக்குள்ளும் ஒளித்தேன்.

டொக்டர் பழைய கிரவுன்களைக் கழற்றி, ரெஸ்ட் வரும் முன் ஓரத்தில் பல்லைக் கூடுதலாய்க் குடைந்தார். ரெஸ்ட் ஆழம் 1.5, அதன் அடியில் உலோகம் குறைந்தது 0.5, ஆக எதிர்ப்பல்லுக்கும் இதற்கும் இடையில் 2 மில்லிமீற்றர் வேண்டும். மெழுகைக் கடிக்க வைத்து, அந்த மெழுகைத் தடிப்பு அளக்கிற ஐவன்சன் கேஜால் அளந்தோம். 25இல் 1.7. இன்னொரு தரம் குடைந்த பிறகு 2.1. இந்த ஒரு அளவை தை மாதம் எடுத்திருந்தால் இப்போது எழுத ஒன்றும் இருந்திருக்காது. அளவு சிலிக்கோனில் வந்தது.

மெழுகு வேலையை இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் செய்தேன். வெக்கையாய் மேல்காற்று வீசுகிற கச்சான் காற்றுக் காலத்தில் பகலில் என் தகரக் கூரை அறைக்குள் மெழுகு சொன்ன சொல் கேட்காது. கிரவுன் ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்துவிடும். செய்து முடித்தவுடன், விடியமுன்னமே வார்ப்பு அச்சுக்கான இன்வெஸ்ட்மென்ட் ஊற்றிவிட வேண்டும். ஒரு கிரவுனைக் காலையில் பார்க்கலாம் என்று விட்டுவைத்து, ஓரம் பிளந்து, திருப்பிச் செய்தேன்.

மெழுகிலேயே பின்பக்கச் சுவரை சேர்வேயரின் கத்தியால் நேர்குத்தாய்ச் சீவினேன், 3 மில்லிமீற்றர் உயரத்துக்கு, இரண்டு கிரவுனிலும் ஒரே திசையில். ரெஸ்ட் குழி கரண்டி மாதிரி, கூர்மூலை இல்லாமல், உள்நோக்கிச் சரிந்து. இந்தமுறை குழியும் பின்சுவரும் வெறும் உலோகம். போர்சலின் கன்னப்பக்கம் மட்டும். சேருக்கு அது தெரியவும் இல்லை, கவலையும் இல்லை.

வார்த்த பிறகு சுவரை இன்னொரு தரம் உலோகத்தில் சீவி மட்டப்படுத்த வேண்டும். அதற்கென்று மில்லிங் மெஷின் உண்டு. என் வருமானத்துக்கு அது எட்டாது. என்.சி. வீதிப் பக்கம் ஒரு லேத் கடையில் சேர்வேயர் கைக்குப் பொருந்துகிற மாதிரி, உலோகம் சீவுகிற நேர் ஹான்ட்பீஸைப் பிடிக்கும் கவ்வி ஒன்று கடைந்து வாங்கினேன். 6,500 ரூபா. கடைந்த அண்ணர் போட் எஞ்சின் வேலை செய்கிறவர், "இவ்வளவு சின்னதுக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். முதல் முயற்சியில் கவ்வி ஆடியது. சுவரில் மீன் செதில் மாதிரி வரிவரியாய் விழுந்தது. கவ்விக்கும் ஹான்ட்பீஸுக்கும் இடையில் சைக்கிள் டியூப் துண்டொன்று செருகி, வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் சரிவந்தது. கார்பைட் பேர் (சீவுகிற முனை) இரண்டு, ஒன்று 3,200. ஒன்று அந்தச் செதிலுக்கே போய்விட்டது.

அடுத்த வழுக்கல் போர்சலினில். மெழுகில் கன்னப்பக்க உள்வாங்கல் 0.25 என்று கேஜ் வைத்துச் சரிபார்த்திருந்தேன். வார்க்கிற கோபால்ட்-குரோம் கொழுக்கிக்கு அவ்வளவுதான் வேண்டும்; கூடினால் ஒன்றில் ஏறாது, அல்லது பல்லை ஆட்டும். போர்சலின் சுட்டு வந்தபின் அளக்காமல் பெட்டியில் வைக்கப் போனேன். என்னவோ மனம் கேட்காமல் திரும்ப சேர்வேயரில் வைத்தால் 14இல் 0.25 கேஜ் சும்மா போனது, 0.5 கேஜ்தான் தொட்டது. வயிறு புடைத்துவிட்டது. அரைத்து, அளந்து, திரும்ப கிளேஸ் சூடு. சூட்டு நடுவில் கரண்ட் போய்விடும் என்ற பயத்தில் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். போகவில்லை.

கிரவுன்களை உடனே ஒட்டவில்லை. டொக்டர் வாயில் வைத்துப் பார்த்து, ஒட்டாமலே அவற்றின் மேல் முழுத்தாடை அளவும் எடுத்தார். அளவோடு கிரவுன்கள் கழன்று வந்தன. அவற்றின் உள்ளே சிவப்புப் பட்டர்ன் ரெசின் நிரப்பி, நடுவில் சின்ன ஸ்குரூ ஆணி நட்டு, மிச்சத்துக்கு ஸ்டோன் ஊற்றினேன். வெறும் ஸ்டோன் என்றால் கிரவுனைக் கழற்றும்போது அந்தச் சின்னப் பல் முறிந்துவிடும். இந்த மொடலும் வரைபடமும் கொழும்புக்குப் போயின. அனுப்ப முந்தின நாள் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போன ஐந்து நிமிடத்துக்குள் மானொன்று வந்து மட்டையின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. இங்கே ஊருக்குள்ளேயே மான் திரியும்; திருகோணமலையில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மொடலுக்கு ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் நாள் பிரேம் வந்தது. மொடலில் ஏறவில்லை. தொடைநடுங்கிக் கொண்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால், 25இன் ரெஸ்டுக்கு அடியில் கடுகுக்கும் சின்னதாய் ஒரு உலோகக் குமிழ். வார்ப்பில் இன்வெஸ்ட்மென்ட்டுக்குள் இருந்த காற்றுக்குமிழின் மிச்சம். அதை மட்டும் எடுத்ததும் "டக்" என்று அமர்ந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தத் தொழில். வாயிலும் அப்படியே அமர்ந்தது.

பல் அடுக்கினது, கடி எடுத்தது, மெழுகில் போட்டுப் பார்த்தது எல்லாம் வழமை போலத்தான். அக்ரிலிக்கைக் குசினி அடுப்பிலேயே அவித்தேன்: பெரிய பானை, தெர்மோமீற்றர், 74 பாகையில் இரண்டு மணித்தியாலம், பிறகு கொதிநீரில் ஒரு மணித்தியாலம், விடியும்வரை பானையிலேயே ஆறவிடுவது. அன்றிரவு வீட்டில் தேத்தண்ணி பிந்தித்தான் கிடைத்தது.

ஒட்டும் நாள் நானும் போனேன். டொக்டர் பிரேமின் உலோகத்தில் வாஸ்லின் பூசி, கிரவுன்களுக்குள் கிளாஸ் அயனோமர் சீமெந்து வைத்து அமர்த்தி, அது இறுக முன்னமே பிரேமையும் மேலே ஏற்றினார். பிரேம் சொல்கிற இடத்திலேயே கிரவுன்கள் நிற்கட்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான், ஆனால் சீமெந்து பிரேமையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் கழற்றிப் பூட்டும் கட்டுப்பல் கழற்றாத கட்டுப்பல் ஆகிவிடும். நாலு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தபடி மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். டொக்டர் மெல்ல அசைத்தார். கழன்றது. மிச்ச சீமெந்தைச் சுரண்டித் திரும்பப் பூட்டினார். சேர் எழும்பி உட்கார்ந்ததும் முதல் சொல்லாய் "வாழைப்பழம்" என்றார். மீன் வரவில்லை.

கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். பிரேம் 42,000. கூரியர் போக வர 1,300. இரண்டு கிரவுனுக்கு உலோகமும் போர்சலினும் 7,000க்குக் கிட்ட. பல் செட்டும் அக்ரிலிக்கும் 4,100. கவ்வியும் பேரும் 12,900. அது சேரின் கணக்கில் இல்லை, என் கணக்கு. திருப்பிச் செய்த கிரவுன்களுக்கு நான் கூலி எடுக்கவில்லை, டொக்டரும் எடுக்கவில்லை. லாச்சிக்குள் கிடக்கிற முதல் கட்டுப்பல்லுக்கு சேர் கொடுத்த 15,000ஐத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

அடுத்த முறை பிரேமை I கொழுக்கியோடு அப்படியே வைப்பேன். 14ஐத் தனியாய் விடாமல் 13ஓடு சேர்த்து இரண்டு கிரவுனாய்ப் பிணைக்கச் சொல்வேன். அந்தப் பக்கம் மூன்று பல்லின் பாரம் முழுவதும் ஒரு பல்லில் நிற்கிறது, இப்போது ஆட்டமில்லை என்றாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. போர்சலின் சுட்டதும் கேஜ் வைப்பதை மறக்காமலிருக்க, 0.25 கேஜை இப்போது அடுப்புக் கதவிலேயே காந்தத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். சீட்டு இரண்டாய் வந்தால் ஒன்றையும் தொடங்குவதில்லை. டொக்டருக்குப் போன் எடுக்கிறேன்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. கச்சான் சாப்பிட்ட அன்றைக்கே பிடிபட்டது: "சிவ" என்று தொடங்கும் இடத்தில் சேருக்கு மெல்லிய விசில் வருகிறது. கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டுச் சொல்லச் சொன்னேன், அப்போதும் வந்தது. ஆக இது தகட்டின் குற்றமில்லை. தை மாதம் நான் செய்து, நன்றாயிருக்கிறது என்று தொடாமல் விட்ட முன் பிரிட்ஜ். 21இன் உள்பக்கத்தை மெல்லிசாய்ச் சீவி, முரசுக்கும் அதற்கும் இடையில் காற்றுப் போகச் சந்து விட்டிருக்கிறேன். அதைக் கழற்றித் திரும்பச் செய்து தருகிறேன் என்றேன். சேர் சரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கிடக்கட்டும் தம்பி. கோவில்ல மைக் கிட்ட நிக்கேக்க மட்டும்தான் கேக்குது. கொஞ்சம் தள்ளி நிக்கிறன்."

நான் விடுவதாயில்லை. அளவு எடுக்க டொக்டரிடம் புதன்கிழமைக்கு நேரம் கேட்டிருக்கிறேன்; சேருக்கு இன்னும் சொல்லவில்லை.